மன்னர் கையெழுத்துப் போடுகிறார், ஆள்வது யார்? முடியாட்சி நாட்டின் மத்திய அரசைப் படிக்கும் முறை

கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு பஞ்சாயத்து, அந்தப் பக்கம் ஒரு பஞ்சாயத்து. இரண்டிலும் தலைவர் உண்டு, வார்டு உறுப்பினர்கள் உண்டு. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூக்கில் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். அவர்களில் பெரும்பான்மையானோர் சேர்ந்து நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினால் தலைவர் நாற்காலியை விட்டு இறங்கவேண்டும். சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போனால், ஊராட்சித் தலைவருக்கு ஊர் மக்களே நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். அங்கே உறுப்பினர்கள் கை தூக்கி அவரை இறக்கிவிட முடியாது.

இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் பிரிட்டன், மலேசியா, ஜப்பான், சுவீடன் என்று மன்னர் இருக்கும் நாடுகளின் மத்திய அரசைப் படிப்பது பெரிய வேலையில்லை. பி.எஸ்.சி. என்னும் அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களும், தமிழ்வழிப் பள்ளிகளில் குடிமையியல் நடத்தும் ஆசிரியர்களும் மன்னரின் கிரீடத்திலிருந்து தொடங்குவதால்தான் குழம்புகிறார்கள். "யாரால் யாரை வீட்டுக்கு அனுப்ப முடியும்?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். ஒரு தாளில் மன்னர், பிரதமர், அமைச்சர், கீழ்ச்சபை, வாக்காளர் என்று ஐந்து பெயர் எழுதி, அனுப்ப முடிந்தவரிடமிருந்து அனுப்பப்படுபவருக்கு அம்புக்குறி போடுங்கள். வாக்காளர் சபையை மாற்றுவார். சபை பிரதமரை இறக்கும். பிரதமர் அமைச்சரை நீக்குவார். மன்னரிடமிருந்து புறப்படும் அம்பு சட்டத்தின் எழுத்தில் இருக்கும், நடைமுறையில் இருக்காது. அதைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள். அந்தப் புள்ளிக்கோடு எப்போது முழுக்கோடாகிறது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

நம் பக்கத்து வரலாற்றிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. திருவிதாங்கூரில் சட்டசபை 1888லேயே வந்துவிட்டது. ஆனாலும் திவானை நியமித்தவர் மகாராஜா. சபையில் எத்தனை பேர் எதிர்த்தாலும் திவானை இறக்க வழியில்லை. அதனால்தான் சபை வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் மக்கள் "உத்தரவாத பரணம்" கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். சபைக்குப் பதில் சொல்லும் பொறுப்பாட்சி வேண்டும் என்பதுதான் அந்தக் கோரிக்கை. 1946ல் திவான் சி.பி. ராமசாமி ஐயர் முன்வைத்த "அமெரிக்கன் மாடல்" திட்டத்திலும், சபையால் அகற்ற முடியாத திவான் நீடிப்பார் என்றிருந்தது. "அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்" என்று எழுந்த முழக்கம் குறிவைத்தது அந்த ஏற்பாட்டைத்தான். 1948 மார்ச்சில் பட்டம் தாணு பிள்ளை பிரதமரானபோது மகாராஜா அரண்மனையில் இருந்தார், ஆட்சி சபைக்குப் பதில் சொல்வதாக மாறியிருந்தது. சித்தூர் தாலூக் அன்றைக்குக் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் அங்கே திவானாக இருந்த காலத்தில், 1938ல், கிராம வளர்ச்சி சார்ந்த துறைகள் மட்டும் சபை உறுப்பினர் ஒருவரிடம் அமைச்சர் பொறுப்பாகத் தரப்பட்டன. அம்பாட்டு சிவராம மேனன் அந்த முதல் அமைச்சர். மற்ற முக்கியத் துறைகள் திவானிடமே. அம்புக்குறிப் படத்தில் இது பாதிக்கோடு. திருவிதாங்கூர் 1946, கொச்சி 1938, திருவிதாங்கூர் 1948 என்று மூன்று படங்களை வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டால், பிரிட்டன் பல நூற்றாண்டில் நடந்த பாதை ஒரே பக்கத்தில் தெரியும்.

அரசு அமைவதைக் கணக்குப் போட்டுப் படியுங்கள்

பிரிட்டனின் கீழ்ச்சபையான காமன்ஸ் சபையில் 650 இடங்கள். பாதிக்கு மேல் என்றால் 326. வழிகாட்டி நூல்கள் இங்கேயே நின்றுவிடும். உண்மையான கணக்கு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

2017 ஜூன் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். கன்சர்வேட்டிவ் 317, லேபர் 262, ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 35, லிபரல் டெமாக்ரட் 12, வட அயர்லாந்தின் ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி 10, சின் ஃபெய்ன் 7, வேல்ஸின் பிளெய்ட் கம்ரி 4, பசுமைக் கட்சி 1, சுயேச்சை 1, சபாநாயகர் 1. கூட்டினால் 650 வரும். யாருக்கும் 326 இல்லை.

இப்போது ஓட்டுப் போடாதவர்களைக் கழியுங்கள். சின் ஃபெய்ன் உறுப்பினர்கள் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுப்பதால் சபையில் உட்காருவதே இல்லை, 7 போச்சு. சபாநாயகர் சமநிலை வந்தாலொழிய ஓட்டுப் போடமாட்டார், 1 போச்சு. மூன்று துணைச் சபாநாயகர்களும் போடமாட்டார்கள், 3 போச்சு. மிச்சம் 639. பாதிக்கு மேல் என்பது 320. துணைச் சபாநாயகர்களில் ஒருவர் கன்சர்வேட்டிவ், இருவர் லேபர். ஆகவே கன்சர்வேட்டிவ் 316. யூனியனிஸ்ட் 10 சேர்ந்தால் 326. எதிர்த்தரப்பு எல்லோரும் ஒன்றுசேர்ந்தாலும் 313. வித்தியாசம் 13. தெரசா மே பிரதமராகத் தொடர்ந்தது இந்த 13ஐ நம்பித்தான்.

அந்தப் 10 பேர் அமைச்சரவையில் சேரவில்லை. நம்பிக்கை ஓட்டிலும் பட்ஜெட் ஓட்டிலும், கூடவே ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது, தேசப் பாதுகாப்பு பற்றிய மசோதாக்களிலும் ஆதரிப்போம் என்று 2017 ஜூன் 26ல் எழுத்தில் ஒப்பந்தம் போட்டார்கள், வட அயர்லாந்துக்கு 100 கோடி பவுண்டு கூடுதல் நிதி என்ற உறுதியோடு. நம் ஊரில் "வெளியிலிருந்து ஆதரவு" என்று சொல்வோமே, அதேதான். பட்ஜெட்டையும் நம்பிக்கை ஓட்டையும் தனியாகப் பிரித்துச் சொல்லக் காரணம் உண்டு. இந்த இரண்டில் தோற்றால் அரசு நிற்காது. மற்ற மசோதாவில் தோற்றால் மானம் போகும், ஆட்சி போகாது.

ஒரே ஒரு ஓட்டில் ஆட்சி போனதும் உண்டு. 1979 மார்ச் 28ல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் 311க்கு 310 என்று நிறைவேறி பிரதமர் ஜேம்ஸ் கேலகனின் அரசு விழுந்து, தேர்தல் வந்தது. கொறடாவின் வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. உடம்பு சரியில்லாதவரையும் வரவழைப்பதா, வேண்டாமா என்று கொறடாக்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட இரவு அது.

பிரிட்டனில் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்றால் பழைய பிரதமர் உடனே போய்விடக் கூடாது. அடுத்து யாரால் சபையின் நம்பிக்கையைப் பெற முடியும் என்று தெளிவாகும்வரை அவர் இருந்தாகவேண்டும், நாட்டில் அரசு இல்லாத நேரம் என்று ஒன்று இருக்கக் கூடாது. பேச்சுவார்த்தையைக் கட்சிகளே முடித்துக்கொண்டு வரவேண்டும். மன்னரைப் பேரத்துக்குள் இழுக்கக் கூடாது என்பது அங்கே எல்லாக் கட்சிகளும் கவனமாகக் காக்கும் வழக்கம். சுவீடன் இன்னும் ஒரு படி மேலே போய், 1974 அரசியல் சட்டத்தில் மன்னருக்கு இதில் வேலையே வைக்கவில்லை. சபாநாயகர் பிரதமர் பெயரை முன்மொழிவார், 349 பேரில் 175 பேர் எதிராக ஓட்டுப் போடாவிட்டால் அவர் பிரதமர். ஆதரவை எண்ணுவதில்லை, எதிர்ப்பைத்தான் எண்ணுகிறார்கள். பிரிட்டன் கணக்கை அங்கே போட்டால் விடை தப்பாக வரும்.

மன்னரின் கையெழுத்துக்குப் பின்னால் இருப்பவரைத் தேடுங்கள்

மன்னர் பெயரில் ஓர் உத்தரவு வந்தால் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: எழுதியவர் யார், யார் ஆலோசனையில் கையெழுத்து, தப்பென்றால் சபையில் பதில் சொல்பவர் யார். மூன்றுக்கும் விடை ஓர் அமைச்சராகவே இருக்கும். ஸ்பெயினில் இதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்: பிரதமரோ அமைச்சரோ தம் கையெழுத்தையும் சேர்த்திடாத மன்னரின் ஆணை செல்லாது, கையெழுத்திட்டவரே அதற்குப் பொறுப்பு. ஜப்பானின் 1947 அரசியல் சட்டத்தில், அரசு சார்ந்த எந்தச் செயலுக்கும் மாமன்னருக்கு அமைச்சரவையின் ஆலோசனையும் ஒப்புதலும் தேவை.

பிரிட்டனில் இதை நேரில் காட்டும் இடம் பிரிவி கவுன்சில். பெயருக்கு நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள், கூட்டத்துக்கு வருபவர்கள் சிலர். மூன்று பேர் வந்தால் போதும். யாரும் உட்காருவதில்லை. ஓர் அமைச்சர் ஆணைகளின் தலைப்பை ஒவ்வொன்றாகப் படிப்பார். மன்னர் "அங்கீகரிக்கப்பட்டது" என்ற ஒரே சொல்லைச் சொல்லுவார். விவாதம் கிடையாது, அதெல்லாம் அமைச்சகத்தில் முன்பே முடிந்திருக்கும்.

மசோதாவிலும் இதே கதை. இரண்டு சபையும் நிறைவேற்றியதற்கு மன்னர் ஒப்புதல் மறுத்தது கடைசியாக 1708ல், ஆன் அரசி காலத்தில், ஸ்காட்லாந்துப் படை மசோதாவுக்கு. அதுவும் அமைச்சர்கள் ஆலோசனையில்தான். இன்றும் "மன்னர் இதை விரும்புகிறார்" என்று பழைய நார்மன் பிரெஞ்சில் சொல்லி ஒப்புதலை அறிவிக்கிறார்கள். வார்த்தை மன்னருடையது, விருப்பம் சபையுடையது. கூட்டத்தொடர் தொடக்கத்தில் மன்னர் வாசிக்கும் உரையும் அரசு எழுதித் தருவது. திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் ஆளுநர் உரையைச் சுற்றி எழும் சர்ச்சைகளைக் கவனிப்பவர்கள் இந்த வழக்கத்தின் மதிப்பை உணர்வார்கள். அந்த உரையே அங்கிருந்து வந்ததுதான்.

அப்படியானால் மன்னரிடம் என்னதான் இருக்கிறது? ஆலோசிக்கப்படும் உரிமை, ஊக்கப்படுத்தும் உரிமை, எச்சரிக்கும் உரிமை என்று 1867ல் ஆங்கிலப் பத்திரிகையாளர் வால்டர் பேஜட் சொன்ன மூன்றுதான். பிரதமர் வாராவாரம் மன்னரைத் தனியாகச் சந்திக்கிறார். அந்தச் சந்திப்புக்குக் குறிப்பு எடுப்பவர் கிடையாது, வெளியே பேசும் வழக்கமும் கிடையாது.

அமைச்சகத்துக்குள் ஒரு கோப்பின் பயணம்

ஒரு முடிவு எப்படிப் பிறக்கிறது என்று கேட்டால் பலர் "அமைச்சரவை கூடி முடிவெடுக்கும்" என்று எழுதி வைப்பார்கள். பாதிதான் சரி. பிரிட்டன் அமைச்சரவையில் இருபது பேருக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பார்கள். இணை, துணை அமைச்சர்களைச் சேர்த்தால் நூறைத் தாண்டும். சம்பளம் வாங்கும் அமைச்சர்கள் 109 பேருக்கு மேல் போகக் கூடாது என்று 1975 சட்டம் வரம்பு வைத்தது, காமன்ஸ் சபையில் அமைச்சர்கள் 95 பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று சட்டம் உண்டு. சபையையே அமைச்சர்களால் நிரப்பிவிட்டால் அரசைத் தட்டிக்கேட்க ஆள் இருக்காது என்பதற்காக வைத்த வரம்பு.

துறை அதிகாரி முதலில் ஒரு குறிப்பு எழுதுவார். அதில் பிரச்சினை, இரண்டு மூன்று மாற்று வழிகள், ஒவ்வொன்றின் செலவு, சட்டச் சிக்கல், தன் பரிந்துரை, எந்தத் தேதிக்குள் முடிவு வேண்டும் என்பதெல்லாம் இருக்கவேண்டும். அமைச்சரின் தனி அலுவலகம் அதைப் பார்த்து, குறை இருந்தால் திருப்பும். சரியென்றால் சிவப்புப் பெட்டியில் போய், இரவில் அமைச்சர் வீட்டில் திறக்கப்படும். முடிவு தன் துறைக்குள் அடங்குமானால் அங்கேயே முடிந்தது. வேறு துறையைத் தொடும் என்றால் அமைச்சரவைக் குழுவுக்கோ, மற்ற அமைச்சர்களுக்குச் சுற்றறிக்கையாகவோ போகும். பணம் தேவை என்றால் நிதியமைச்சகம் சம்மதிக்காமல் நகராது. முடிவு எடுத்தாகிவிட்டால் எல்லா அமைச்சர்களும் வெளியே ஒரே குரலில் பேசவேண்டும். முடியாதவர் விலகவேண்டும். 2003 மார்ச் 17ல், ஈராக் போருக்கு உடன்படாமல் அமைச்சர் ராபின் குக் அப்படித்தான் விலகினார்.

துறையின் நிரந்தரச் செயலர் இங்கே முக்கியமான ஆள். அரசு மாறினாலும் அவர் மாறமாட்டார். துறையின் செலவுக்கு அவரே கணக்குப் பொறுப்பாளர், நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு முன்னால் அவரே போய் உட்காரவேண்டும். அமைச்சர் சொல்லும் செலவு முறையற்றது, அல்லது பணத்துக்கேற்ற பலன் இராது என்று அவர் கருதினால், "எழுத்தில் கட்டளை தாருங்கள்" என்று கேட்பார். அமைச்சர் எழுதித் தந்தால் செயலர் நிறைவேற்றுவார், பொறுப்பு அமைச்சர் தலைக்கு மாறும். அந்தக் கடிதத்தின் நகல் தலைமைத் தணிக்கையாளருக்குப் போகும், பிறகு பொதுவெளியிலும் வரும். 2022 ஏப்ரலில், புகலிடம் கேட்டு வருபவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்துக்கு உள்துறையில் இப்படி நடந்தது: பலன் உறுதியில்லை என்று செயலர் எழுதினார், அமைச்சர் எழுத்தில் கட்டளை கொடுத்தார். பஞ்சாயத்துத் தீர்மானத்துக்குச் செயலர் கோப்பில் ஆட்சேபக் குறிப்பு எழுதிவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அரசைப் படிக்க விரும்புகிறவர்கள் மேடைப் பேச்சை விட்டுவிட்டு இந்தக் கடிதங்களைத் தேடிப் படியுங்கள். ஆட்சி எங்கே இடறுகிறது என்று அதிகாரியே சொல்லும் இடம் அது.

பணத்தின் பாதை

பிரிட்டனில் நிதியாண்டு ஏப்ரல் 1ல் தொடங்குகிறது. முழு ஆண்டு மானியத்துக்கான, அதாவது துறைகளின் செலவுக்கு நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்துக்கான சட்டம் ஜூலை வாக்கில்தான் நிறைவேறும். நடுவில் சம்பளம் எங்கிருந்து? முந்தைய ஆண்டே இடைக்கால மானியம் வாங்கிவைப்பார்கள், வழக்கமாக நடப்பாண்டுத் தொகையில் 45 சதவீதம் அளவுக்கு. செலவுக்கான கோரிக்கையை அரசு மட்டுமே கொண்டுவர முடியும். தனி உறுப்பினர் குறைக்கச் சொல்லலாம், கூட்டச் சொல்ல முடியாது. மேல்சபையான லார்ட்ஸ் சபை பண மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் தாமதிக்க முடியாது என்பது 1911 சட்டம். மற்ற மசோதாக்களை ஏறத்தாழ ஓராண்டு நிறுத்திவைக்கலாம், 1949ல் திருத்தப்பட்ட வரம்பு அது. செலவு முடிந்தபின் தணிக்கை. 1861ல் தொடங்கிய பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரர் தலைமை தாங்குவது வழக்கம்.

புள்ளிக்கோடு முழுக்கோடாகும் நேரம்

மேல்சபை பணத்தை மறித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா 1975. பிரதமர் கஃப் விட்லமுக்குக் கீழ்ச்சபையில் பெரும்பான்மை இருந்தது. மேல்சபை மானியத்தை நிறுத்தியது. அரசியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் ஜான் கெர், நவம்பர் 11ல் விட்லமை நீக்கி எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் ஃப்ரேசரை அமர்த்தினார். அன்று மதியமே கீழ்ச்சபை ஃப்ரேசர் மீது நம்பிக்கையில்லை என்று ஓட்டுப் போட்டது. ஆனால் கெர் இரு சபைகளையும் கலைத்துவிட்டார். டிசம்பர் 13 தேர்தலில் ஃப்ரேசரே பெரிய வெற்றி பெற்றார். கெர் செய்தது சரியா என்று அந்த நாடு இன்னும் வாதிடுகிறது. கோளாறின் வேர் அமைப்பில் இருந்தது: அரசு கீழ்ச்சபைக்குப் பதில் சொல்லவேண்டும், பணத்தை மறிக்கும் பலமோ மேல்சபையிடமும் இருந்தது. பிரிட்டன் 1911ல் அடைத்த ஓட்டை அங்கே திறந்தே கிடந்தது.

எதிர்த்திசைக் கோளாறும் வரும். மன்னர் பிரதமர் சொன்னபடியே செய்கிறார், சொன்னது தப்பு. 2019 ஆகஸ்ட் 28ல் பால்மோரல் மாளிகையில் பிரிவி கவுன்சில் கூடி, நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கும் ஆணைக்கு அரசி ஒப்புதல் தந்தார். ஆலோசனை பிரதமர் போரிஸ் ஜான்சனுடையது. செப்டம்பர் 24ல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக, நியாயமான காரணமில்லாமல் சபையின் வேலையைத் தடுத்ததால் அந்த ஆலோசனை சட்டவிரோதம், ஆணை வெற்றுத்தாளுக்குச் சமம் என்றார்கள். மறுநாளே சபை கூடியது. தவறு அரசியின் கணக்கில் எழுதப்படவில்லை, ஆலோசனை சொன்னவர் கணக்கில் எழுதப்பட்டது.

மன்னரின் மனசாட்சி ஒத்துக்கொள்ளாவிட்டால்? பெல்ஜியத்தில் 1990 ஏப்ரலில் கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட மன்னர் போதுவான் மறுத்தார். அவர் ஆட்சி செய்ய இயலாத நிலையில் இருப்பதாக அறிவித்து, அமைச்சரவையே சட்டத்தில் கையெழுத்திட்டு, ஒன்றரை நாளில் அவர் திரும்பப் பதவிக்கு வந்தார். சட்டமும் நின்றது, மன்னரும் நின்றார்.

நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

மலேசியா, 2022 நவம்பர் 19 தேர்தல். கீழ்ச்சபையில் 222 இடம், தேவை 112. பக்காத்தான் ஹராப்பான் அணி தோழமைக் கட்சியோடு 82, பெரிக்காத்தான் நேஷனல் 73, பாரிசான் நேஷனல் 30, சரவாக் மாநிலக் கட்சிகளின் கூட்டணி 23, சபா மாநிலக் கூட்டணி 6, மிச்சம் சிறு கட்சிகளும் சுயேச்சைகளும். ஓரிடத்தில் மட்டும் தேர்தல் தள்ளிப்போயிருந்தது.

முதலில் 112ஐத் தொடும் கூட்டல்களை எல்லாம் எழுதுங்கள். 82ஓடு 30 சேர்த்தால் சரியாக 112. 73, 30, 23 சேர்த்தால் 126. இரண்டு வழியிலும் 30 இருப்பதைக் கவனியுங்கள், பேரம் அந்த முப்பதைச் சுற்றித்தான் நடந்தது. அடுத்து அரசியல் சட்டத்தின் 43வது பிரிவைப் படியுங்கள்: பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று மாமன்னர் தம் மதிப்பீட்டில் கருதும் உறுப்பினரைப் பிரதமராக்குவார். அந்த நாட்டு மாமன்னரும் ஒன்பது மாநிலங்களின் பரம்பரை ஆட்சியாளர்களால் ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர். பிரிட்டனில் வழக்கமாக இருப்பது அங்கே எழுத்தில் இருப்பதால், மாமன்னருக்கு வேலையும் கூடுதல். அவர் கட்சித் தலைவர்களை அழைத்துப் பேசி, நவம்பர் 24ல் அன்வார் இப்ராகிமை நியமித்தார். டிசம்பர் 19ல் அன்வார் சபையில் நம்பிக்கை வாக்குக் கோரி வென்றார். தாளில் அம்புக்குறிகளைப் போடும்போது நவம்பர் 24க்கு ஒரு நிறம், டிசம்பர் 19க்கு வேறு நிறம் பயன்படுத்துங்கள். முதலாவது மாமன்னரிடமிருந்து புறப்படும், இரண்டாவது சபையிலிருந்து.